முக்கால் இஞ்ச் கனெக்‌ஷன்

மரியாதைக்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்குத் தங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. மூத்த என்ற சொல்லைத் தயவுசெய்து இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போகவும். இங்கே நானும் தங்கள் மூத்த மகளும் பேத்தி பாப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். தங்கள் மூட்டுவலி இறங்கியிருக்கும் என்றும், அத்தையின் புதுக் கண்ணாடி அவர்கள் மூக்குக்குப் பழகியிருக்கும் என்றும் நம்புகிறேன். எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் தங்கள் சின்ன மகளும், சின்ன மாப்பிள்ளையும், அவர்கள் பெண் வாலுவும் சௌக்கியம். அவர்களுக்கு என்ன கேடு, நன்றாகவே இருக்கிறார்கள்.

இதைப் போனில் சொல்லாமல் எதற்குக் காகிதத்தை வீணாக்குகிறான் என்று கேட்பீர்கள். முதல் காரணம், எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் இப்போது அரிசி டப்பாவுக்குள் புதைந்து கிடக்கிறது. அந்த வயிற்றெரிச்சல் பின்னால் வருகிறது. இன்னொரு காரணம், போனில் நான் பேசினால் உங்களுக்குப் பாதிதான் கேட்கும், கேட்ட பாதிக்கும் "சின்ன மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்றுதான் பதில் வரும். கோர்ட் வாசலில் நின்று வாதி பிரதிவாதி பெயரைக் கூப்பிட்டே தலை நரைத்தவர் நீங்கள். உங்கள் காதில் விழாத தீர்ப்பா? ஆகவே இதை ஒரு வழக்காகவே எடுத்துக்கொண்டு உங்கள் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் நடுவில் நியாயம் சொல்லவேண்டும். வழக்கு ஒரு பெட்டியைப் பற்றியது. கைக்கு அடக்கமான வெள்ளைப் பெட்டி. அதற்குள்ளிருந்துதான் வீட்டுக்கு இன்டர்நெட் வருகிறது.

எனக்குப் பொறாமை என்று உங்கள் மூத்த மகள் சொல்கிறாள். எனக்கு என்ன மாமா பொறாமை? அவர் லிஃப்ட் மெக்கானிக், நான் பிளம்பர். அவரைத் தெருவே 'லிஃப்ட் சார்' என்கிறது. என்னைக் 'குழாய்' என்கிறது. குழாய்க்காரர் என்றுகூட இல்லை, வெறும் குழாய். 'குழாய் வந்துட்டாரா?' 'குழாயைக் கொஞ்சம் வரச் சொல்லு.' வாலுவும் பாப்பாவும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூட விழாவுக்குப் போனோம். அவரைப் பார்த்ததும் "லிஃப்ட் சார், முன்னாடி வாங்க" என்று நாற்காலி போட்டார்கள். என்னைப் பார்த்ததும் "நல்லவேளை வந்தீங்க, பின்னாடி தொட்டியில தண்ணியே நிக்க மாட்டேங்குது" என்று தள்ளிக்கொண்டு போனார்கள். விழா முடியும்வரை நான் தொட்டிக்குள் இருந்தேன். பாப்பா பரிசு வாங்கியபோது எனக்குக் கைதட்டல்தான் கேட்டது. நீங்களே போன தடவை வந்தபோது மேல்வீட்டில்தான் தங்கினீர்கள். என் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றீர்கள். உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு இன்றுவரை அது ஒன்றுதான். போகட்டும். இது பொறாமை இல்லை, தகவல்.

இனி வழக்குக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் இப்போது பாதிப் பாடம் வகுப்பிலும் மீதிப் பாடம் நெட்டிலும் நடக்கிறது. வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதினால் மட்டும் போதாது, அதை நெட்டில் ஏற்றி அனுப்பவேண்டும். ஒழுங்காக அனுப்பாத பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் சிறப்புக் கணக்கு வகுப்பில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாப்பாவுக்குக் கணக்கு என்றால் உயிர். நான் எந்த வேலைக்குப் போனாலும் எத்தனை அடி பைப், எத்தனை எல்போ என்று அவள்தான் கணக்குப் போட்டுக் கொடுப்பாள், ஒரு துண்டு மிஞ்சாது. அந்த வகுப்பில் அவளுக்கு இடம் கிடைக்காமல் போனால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது மாமா. நெட் இல்லாத வீடுகளுக்குப் பள்ளிக்கூடமே ஒரு பெட்டியை இரவல் கொடுப்பதென்று முடிவுசெய்து, யார் வீட்டில் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று விசாரிக்க ஒரு டீச்சரம்மா வீடுவீடாக வந்தார்கள். இந்த முன்கதை எதுவும் எனக்கு அப்போது தெரியாது. யார் வீட்டுத் தொட்டிக்கோ அடியில் தலையைக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் டீச்சரம்மா. மாடிப்படியில் சகலை. சகலை கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளவும்.

"வீட்டுல கனெக்‌ஷன் இருக்குங்களா?" என்றார்கள்.

ஒரு பிளம்பரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா மாமா இது?

"என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? இந்தத் தெருவுக்கே கனெக்‌ஷன் குடுத்தவன் நான்."

டீச்சரம்மாவின் கண் விரிந்தது. "அப்படிங்களா! ஸ்பீடெல்லாம் எப்படி?"

"முக்கால் இஞ்ச். திறந்து கைய எடுக்கறதுக்குள்ள வாளி ரொம்பிடும்."

அவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். ஏதோ புதுக் கம்பெனி என்று நினைத்திருப்பார்கள் போல. "அடிக்கடி கட் ஆகுமா?"

"என் கைபட்ட லைன் கட் ஆகுமா? மேல்வீட்டுல கேட்டுப் பாருங்க, அங்கதான் சில நாள் வெறும் காத்து வரும்."

"அண்ணே, அவங்க கேக்கறது வந்து..." என்று சகலை இழுத்தார். அவருக்குப் பொறுக்காது என்று எனக்குத் தெரியாதா? காதில் வாங்கவில்லை. உள்ளேயிருந்து பாப்பா, "அப்பா, அது இல்லப்பா" என்று ஓடி வந்தாள். "பெரியவங்க பேசறப்போ குறுக்க வராத" என்று அடக்கினேன்.

"வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல யூஸ் பண்ணினா தாங்குமா?"

"நல்லாத் தாங்கும். பக்கத்து வீட்டுக்காரங்களே நம்ம வீட்டுல வந்துதான் பிடிச்சுட்டுப் போறாங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார்கள் டீச்சரம்மா. சார்! இந்தத் தெருவில் என்னை முதன்முதலாக சார் என்று கூப்பிட்டது அந்த அம்மாதான். நான் கொஞ்சம் மயங்கிவிட்டேன், மறைப்பானேன். பிறகு சகலையிடம் கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வீட்டுல இல்லைங்க டீச்சர்" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. லிஃப்ட் சார் வாயால் 'இல்லை'!

மறுவாரம் வெள்ளைப் பெட்டி மாடிப்படி ஏறிப் போனது. கையிருப்பில் இருந்த கடைசிப் பெட்டியாம். பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டைப் பற்றி 'மிகச் சிறந்த இணைப்பு, அக்கம்பக்கத்தாருக்கும் உதவுகிறார்கள்' என்று பதிந்து வைத்திருக்கிறார்களாம். இருக்கு என்று நெஞ்சை நிமிர்த்தியவனுக்கு ஒன்றும் இல்லை, இல்லை என்று தலை சொறிந்தவருக்குப் பெட்டி! "உங்க முக்கால் இஞ்சுல பொண்ணு படிப்பு போச்சு" என்று தங்கள் மூத்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போய் உண்மையைச் சொல்லவேண்டியதுதானே என்பீர்கள். எந்த முகத்தோடு மாமா போவது? சார் என்று கூப்பிட்ட வாயால் அந்த அம்மா மறுபடியும் குழாய் என்று கூப்பிடுவதைக் கேட்கவா?

அடுத்த நாளே தங்கள் சின்ன மகள் கீழே இறங்கி வந்தாள். "அத்தான், பாப்பா சாயங்காலம் மேல வந்து படிக்கட்டுமே. ரெண்டும் சேர்ந்து படிக்கும்" என்றாள். எனக்கு வந்ததே கோபம். பெட்டியைக் காட்டிக் கூப்பிடுகிறாள் பாருங்கள்! "என் பொண்ணு அடுத்தவங்க வீட்டு வாசல்ல போய் நிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டேன். "நான் அடுத்தவளா அத்தான்?" என்று கேட்டாள். முகம் சுண்டிப்போய்ப் படி ஏறினாள். சுண்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நான் சும்மா இருக்கிற ஆளா? மேலே இருப்பது கீழே இறங்கித்தானே ஆகவேண்டும்? தண்ணீருக்கு இருக்கிற நியாயம் நெட்டுக்கு இருக்காதா? போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கசிவு தேடுகிற மாதிரி வீடு முழுக்கத் தேடினோம். அலமாரிக்கு மேலே ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பியில் ஒன்றும் இல்லை. பாப்பாவைத் தோளில் ஏற்றி மின்விசிறியை நிறுத்திவிட்டு அதனருகே நீட்டச் சொன்னேன், அங்கேயும் இல்லை. கடைசியில் குளியலறைக்குள் நுழைந்ததும் போனில் ஒரு கோடு எழுந்து நின்றது! மேல்வீட்டுக் குளியலறை எங்கள் குளியலறைக்கு நேர் மேலே. நடுவில் பைப்புகள் இறங்குகிற சந்து இருக்கிறது. அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக நெட் இறங்குகிறது. அதற்கு ஏதோ ரகசியச் சொல் வேண்டுமாம், அதையும் பாப்பா ஒரே அடியில் அடித்துவிட்டாள். "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றேன். "யூகிச்சேன்பா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. என்ன மூளை பாருங்கள், எங்கள் பரம்பரை! இதைத் திருட்டு என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். திறந்து பிடித்தால்தான் திருட்டு. தானாக ஒழுகுவதைப் பிடித்தால் அது சேமிப்பு.

அன்றிலிருந்து எங்கள் குளியலறை பள்ளிக்கூடம் ஆனது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பாப்பா. குளிக்க வேறு வாளி இல்லாததால் நாங்கள் குடத்தோடு அல்லாடினோம். சாயங்காலம் யாருக்கு என்ன அவசரம் வந்தாலும் கதவுக்கு வெளியே நின்று, "பாடம் முடிஞ்சுதாம்மா? எவ்வளவு நேரம்மா?" என்று கெஞ்சவேண்டும். முதலில் நெட் மெலிசாகத்தான் வந்தது. போனுக்குள் டீச்சரம்மா 'ஆகவே' என்று வாயைத் திறந்தால் மூடவே மாட்டார்கள், அப்படியே நின்றுபோவார்கள். நான் விடவில்லை. பழைய தகரப் புனல் ஒன்றைச் சந்துக்கு நேரே, வாய் மேலேயும் மூக்கு போனைப் பார்த்தும் இருக்கிற மாதிரி கம்பி கட்டித் தொங்கவிட்டேன். தங்கள் மூத்த மகள் சிரித்தாள். ஆனால் மறுநாளே பாருங்கள், நெட் கொட்டோகொட்டென்று கொட்டியது! எல்லாக் கோடும் எழுந்துவிட்டது. புனல் வைத்து நெட் பிடித்த பிளம்பர் வேறு யாராவது உண்டா மாமா? லிஃப்ட் சாருக்கு இந்த யோசனை வருமா?

அது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அதே சமயத்தில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வாலு சத்தம் போட்டுப் பாடம் படிக்க ஆரம்பித்தாள். சந்து வழியாக எங்கள் தலைக்கு நேரே கேட்கிறது. இவள் கீழே கணக்கைச் சொன்னால் அவள் மேலேயிருந்து விடையைச் சொல்கிறாள், அதுவும் தப்பாக. ஹால் இருக்கிறது, பால்கனி இருக்கிறது, சோபா இருக்கிறது. குளியலறையில் உட்கார்ந்துதான் படிக்கவேண்டுமா? நாங்கள் படுகிற பாட்டைப் பார்த்துப் பழிப்புக் காட்டத்தானே? இது போதாதென்று சகலை காலையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு என் வாசல் வழியாக நடக்க ஆரம்பித்தார். "ஆபீஸ்லயே குளிச்சுக்கறேன் அண்ணே, அங்க சுடுதண்ணி வருது" என்றார். நான் கேட்டேனா? உங்கள் ஆபீசில் சுடுதண்ணீர் வருகிறதா, குளிர்ந்த தண்ணீர் வருகிறதா என்று நான் கேட்டேனா?

அப்போதுதான் தங்கள் சின்ன மகள் மறுபடியும் வந்தாள். "அத்தான், எங்க பாத்ரூம்ல பைப் ஜாயின்ட் சொட்டுது. கொஞ்சம் சீக்கிரம் வந்து பாருங்களேன், ரொம்ப அவசரம்" என்றாள். ஒரு வாஷர் மாற்றி, டேப் சுற்றி இறுக்குகிற வேலை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் பெட்டி வைத்திருக்கிறவர்கள் வீட்டில் சொட்டினால் சொட்டட்டுமே என்று மனம் சொன்னது. "வரேன், வரேன்" என்றேன். மறுநாள் வந்தாள், "நாளைக்கு" என்றேன். அதற்கடுத்த நாள் வாலுவை அனுப்பினாள். "பெரியப்பா, அம்மா உங்களை உடனே வரச் சொன்னாங்க, நனைஞ்சிடும்னு சொன்னாங்க." என்ன நனைந்துவிடும், உங்கள் வீட்டுத் தரையா? "ரிஞ்ச் தேய்ஞ்சு போச்சு, புதுசு வாங்கணும்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டேன்.

மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம் பாப்பா கடைசி வீட்டுப்பாடத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். அது போனால் எல்லாம் முடிந்தது, கணக்கு வகுப்பு நிச்சயம். கெடு இன்று ராத்திரிவரை. மேலே அந்த ஜாயின்ட் பிடுங்கிக்கொண்டது. சந்து வழியாக வந்த தண்ணீரில் ஒரு துளி சிந்தவில்லை மாமா. என் புனல் அத்தனையையும் ஒழுங்காகப் பிடித்து, நேராகப் போன்மேல் ஊற்றியது. போன் ஒரு தடவை விக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பாப்பா தலையிலிருந்து தண்ணீர் வழிய வாளிமேலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "முக்கால் இஞ்ச்ப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

ஆகவே மாமா, இதுதான் வழக்கு. மேலே கோளாறான பைப்பை வைத்துக்கொண்டு, கீழே படிக்கிற குழந்தையை நனைத்து, போனையும் கெடுத்து, குளியலறையில் பழிப்பும் காட்டுகிற ஒரு குடும்பத்திடம் அந்தப் பெட்டி இருப்பது தர்மமா? மூத்தவள் இருக்க இளையவளுக்கு எதற்கு முதல் பந்தி? பெட்டியை உடனே கீழே இறக்கி மூத்த மகள் வீட்டு ஹாலில் வைக்கவேண்டும் என்று தாங்கள் சின்ன மாப்பிள்ளைக்கு உத்தரவு போடவேண்டும். வாலு வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வந்து படித்துக்கொள்ளட்டும், நான் பெரிய மனதுக்காரன். தீர்ப்பில் என்னை 'மூத்த மாப்பிள்ளை' என்றே குறிப்பிடவும், 'குழாய்' வேண்டாம்.

அத்தைக்கு என் பணிவான வணக்கம். தாங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் ஓரவஞ்சனை இல்லாமலும் வாழ வேண்டிக்கொள்கிறேன். தங்கள் ஆசி என்றும் எங்கள் தலைமேல் இருக்கட்டும், அது மேல்மாடியோடு நின்றுவிடாமல் கீழேயும் இறங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் நியாயத்துக்கும் காத்திருக்கும்
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறைமேல் முகவரி எழுதி, ஸ்டாம்ப்பும் ஒட்டி வைத்துவிட்டேன். "மேல அந்த ஜாயின்ட்டைப் போய் மாட்டாம இந்த வீட்டுல டீ கிடையாது" என்று தங்கள் மூத்த மகள் சொன்னதால், ரிஞ்சை எடுத்துக்கொண்டு படி ஏறினேன். போனது ஏறக்குறைய சண்டைக்குத்தான். ஹாலில் பெட்டியைக் காணோம். குளியலறைக் கதவைத் தள்ளினேன். பெட்டி அங்கே இருந்தது மாமா. சந்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, பிளாஸ்டிக் பை சுற்றி, முகம் கீழே பார்க்கிற மாதிரித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் எங்கள் வீட்டில் இருக்கிற மாதிரியே கவிழ்த்துப் போட்ட வாளி. அதன்மேல் வாலு. இன்னொரு வாளியும் இருந்தது. அதில் என் மகள், சித்தப்பா போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்க மாட்டாள் என்று சொன்னேன் அல்லவா, நேராகக் குளியலறைக்கே போய்விட்டாள். "அப்பா, கடைசிக் கணக்கையும் ஏத்தி அனுப்பிட்டேன்" என்றாள்.

சகலை பின்னால் வந்து நின்றார். பெட்டியை என் வீட்டிலிருந்து அவர்தான் திருடிய மாதிரி முழித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ஹால்ல வச்சா கான்கிரீட்டைத் தாண்டிக் கீழ வரலை. லிஃப்ட்டுக்குள்ள போனாப் போன் எடுக்காதில்ல, அதே கதைதான். இந்தச் சந்து ஒண்ணுதான் வழி. பாஸ்வேர்டைப் பாப்பாகிட்ட நான்தான் சொன்னேன். உங்ககிட்ட சொன்னா நீங்க..." என்று நிறுத்திக்கொண்டார். குளியலறைக்குள் பெட்டி இருப்பதால்தான் அவர் ஆபீசில் குளித்திருக்கிறார். சொட்டு பெட்டிமேல் விழுந்துவிடும் என்றுதான் தங்கள் சின்ன மகள் அத்தனை தடவை வந்து கூப்பிட்டிருக்கிறாள். என் புனலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. குனிந்து ஜாயின்ட்டை மாட்டினேன். அந்த வீட்டில் இனி இடி விழுந்தாலும் சொட்டாது, அவ்வளவு இறுக்கியிருக்கிறேன்.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போனேன். டீச்சரம்மாவிடம் "எங்க வீட்டுல இல்லைங்க" என்று சொன்னேன். 'இல்லை' என்பது மூன்றே எழுத்து, ஆனால் துருப்பிடித்த வால்வைத் திறக்கிற மாதிரி இருந்தது. அவர்கள் சிரித்துவிட்டு, அடுத்த தடவை வருகிற பெட்டியில் முதல் பெட்டி உங்களுக்குத்தான் சார் என்றார்கள். இன்னமும் சார்தான். ஆகவே வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மேலே எழுதியது எதையும் படிக்காதீர்கள். ஸ்டாம்ப் வீணாகிறதே என்றுதான் அனுப்புகிறேன்.

ஒன்றே ஒன்று மாமா. லிஃப்ட் சார் என்ற பேரும் அவருக்கு, முன்வரிசை நாற்காலியும் அவருக்கு, பெட்டியும் அவருக்கு என்று இத்தனை நாள் வயிறு எரிந்தேன். இப்போது நல்ல மனசும் அவருக்கே என்று ஆகிவிட்டது. ஒரு மனுஷன் எத்தனையைத்தான் தாங்குவான்? இதைப் படித்துவிட்டு அவரைப் பாராட்டி மட்டும் கடிதம் போட்டுவிடாதீர்கள்.